கை அளவு எடுத்த கத்தி

— மெஷினை நிறுத்துங்க தம்பி. நான் சொல்றது காதுல விழலையா? முதல்ல அதை நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன்மா, நிறுத்திட்டேன். அங்கேயே நில்லுங்க, தரை பூரா இரும்புத் தூள், மெல்லிசு செருப்பு போட்டிருக்கீங்க. யாரு நீங்க? என்ன வேணும்?

— உங்க கையில இருக்கறது வேணும்.

— இதுவா? இது வேலைக்கு வந்த கத்திம்மா. ஒருத்தங்க காலையில குடுத்துட்டுப் போயிருக்காங்க. இதே மாதிரி வேணும்னா செஞ்சு தரேன், ஆனா உடனே கிடைக்காது, எனக்கு ரெண்டு கைதான்.

— குடுத்துட்டுப் போனது என் சின்ன மக. என் தலையணைக்கு அடியில இருந்து எடுத்துக்கிட்டு வந்திருக்கா. கத்தியைத் துண்டுல சுத்தி எடுத்தவ உறையை விட்டுட்டா. இந்தாங்க உறை. பின்பக்கம் உங்க பட்டறை விலாசம் அழுத்தியிருக்கு பாருங்க. அதைப் பிடிச்சுத்தான் வந்து சேர்ந்தேன்.

— அப்போ நீங்க... அந்த, ஆளுங்களைக் காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போற பொண்ணோட அம்மா.

— ஆமா. கூட்டிக்கிட்டுப் போய்க்கிட்டு இருந்த பொண்ணோட அம்மா.

— உக்காருங்கம்மா. அந்த முக்காலி வேண்டாம், அது ஆளைத் தள்ளிவிடும். இதுல உக்காருங்க. டீ சொல்லட்டுமா?

— டீ கிடக்கட்டும். பிடியைத் தேய்ச்சுட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

— இன்னும் தொடலை. காலையில இருந்து மெஷினைப் போடறதும் நிறுத்தறதுமா இருக்கேன். கை வரலை. வாங்கின வேலையை முடிச்சுத்தானே ஆகணும், இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் பேச்சு மாறினதில்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டு இப்பத்தான் பெல்ட்டை ஓட்டினேன். நீங்க வந்து நிக்கறீங்க.

— என்ன செய்யச் சொன்னா?

— பிடியை ரெண்டு பக்கமும் தேய்ச்சு மழமழன்னு ஆக்கச் சொன்னாங்க. விரல் பதியற பள்ளம் ஒண்ணு கூட மிஞ்சக் கூடாதாம். கடையில தொங்குமே காய் நறுக்கற கத்தி, அந்தப் பிடி மாதிரி இருந்தாப் போதுமாம்.

— ஏன்னு கேட்டீங்களா?

— கேக்கலை.

— அதென்ன, கேக்காமலே செஞ்சுடறதா?

— நான் வாயாடிதான்மா, பட்டறைக்கு வர்ற யாரையும் சும்மா விட மாட்டேன். ஆனா சில பேர் முகத்தைப் பார்த்தா வாய் தானா மூடிக்கும். அவங்க கத்தியை அந்தத் துண்டோட பலகையில வெச்ச விதம் இருக்கே. பாம்பை வைக்கற மாதிரி வெச்சாங்க. மத்தியானம் வந்து வாங்கிக்கறேன்னுட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டாங்க.

— அப்போ அவ வர்றதுக்குள்ள என்கிட்ட குடுத்துடுங்க.

— அதெப்படிம்மா? வேலை குடுத்தவங்க அவங்க. வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

— பெத்தவ வந்து வாங்கிக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க.

— சொல்லலாம். ஆனா கத்தி உங்க பெரிய பொண்ணோடது.

— பெரியவ போய்ச் சேர்ந்துட்டா. இனிமே அது யாரோடதுன்னு வக்கீல் வெச்சா பேசணும்? தம்பி, நான் சண்டைக்கு வரலை. உங்க தொழிலுக்கும் ஒரு முறை இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பிடி போயிட்டா எனக்குப் பிடிச்சுக்க வேற ஒண்ணும் இல்ல.

— புரியலைம்மா.

— ராத்திரி அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன்.

— கத்தியையா? கட்டில்லயா?

— உறையோடதான். அப்படிப் பார்க்காதீங்க, நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். அதுக்கெல்லாம் எனக்குத் தைரியம் பத்தாது. பிடியில பள்ளம் பள்ளமா இருக்குதே, அதுல ஒவ்வொரு விரலா வெச்சுக்கிட்டுப் படுத்தா, கூட்டத்துல பிள்ளை தொலைஞ்சுடக் கூடாதுன்னு கையை இறுக்கிப் பிடிச்சுக்குவோமே, அப்படி இருக்கும். கொஞ்ச நேரத்துல சூடு கூட ஏறும்.

— மரம்தானேம்மா. உங்க கைச் சூட்டை அது வாங்கிக்குது.

— தெரியும். சமையல்கட்டுலயே காலத்தை ஓட்டினவ நான், மரக்கரண்டி எப்போ சூடாகும்னு எனக்குத் தெரியாதா? ஆனா இருட்டுல அதெல்லாம் ஞாபகம் வராது.

— தப்பா நினைக்காதீங்க. அதுல இருக்கறது கை இல்லம்மா. கை இருந்த இடம்.

— எனக்கு அது போதும்.

— வீட்ல சின்னவங்களும் நீங்களும் மட்டும்தானா?

— நாங்க ரெண்டு பேர்தான். ஆனா கணக்கு அப்படி வர்றதில்ல. செத்தவ வீடு பூரா இருக்கா. வாசல்ல அவ பூட்ஸ், கொடியில அவ மழைக்கோட்டு, பின்கட்டுல அவ கூடாரம். ஈர வாடை அடிக்குதுன்னு ஒருநாள் கூடாரத்தை விரிச்சுக் காய வெச்சேன். அதுக்குள்ள இருந்து ஒரு பக்கச் செருப்பு விழுந்துச்சு, இப்பத்தான் கழட்டிப் போட்டுட்டுப் போன மாதிரி. இருக்கறவதான் தம்பி இல்லாத மாதிரி இருக்கா. தனியாச் சாப்பிடறா. வேலைக்குப் போறா, வர்றா, கதவைச் சாத்திக்கறா. முன்னெல்லாம் வீடு பூரா காகிதமா இறைஞ்சு கிடக்கும், பிள்ளைங்க புஸ்தகத்துக்குப் படம் வரையறவ. இப்போ வரையறதும் இல்ல. ஆபீஸ்ல ஏதோ வேற வேலை குடுத்திருக்காங்களாம்.

— அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ரொம்ப ஒட்டுதலோ?

— ஒட்டுதலா? நாயும் பூனையும்தான். ஆனா ஒண்ணு சாப்பிடாம இன்னொண்ணு சாப்பிடாது. அது கிடக்கட்டும். உங்களை ஒண்ணு கேக்கணும்னு வழி பூரா நினைச்சுக்கிட்டே வந்தேன். இது என்ன கத்தி? இவ்வளவு கனமா, வயிறு தள்ளிக்கிட்டு? இதைப் போய் ஒரு பொண்ணு எதுக்கு ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினா?

— இதுக்குப் போலோன்னு பேரும்மா. காட்டுல தங்கறவங்க விரும்பிக் கேக்கற கத்தி. மத்த கத்தி எல்லாம் நுனிக்குப் போகப் போக மெலியும், இது அகலமாகும். எடை பூரா முன்னால. நாம தூக்கிவிட்டாப் போதும், வெட்டறதை அது பார்த்துக்கும். புதர் வெட்டலாம், விறகு பிளக்கலாம், கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவலாம், அவசரத்துக்கு மண்ணைக் கூடத் தோண்டலாம். காட்டுக்குள்ள ஒரே ஒரு சாமான்தான் எடுத்துக்கிட்டுப் போகலாம்னா விவரம் தெரிஞ்சவங்க இதைத்தான் எடுப்பாங்க. ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு.

— என்ன?

— எடை முன்னால இருக்கறதால ஒவ்வொரு வீச்சுக்கும் அது கையை விட்டுப் போகத்தான் பார்க்கும். அதனால பாதி வேலை பிடியிலதான். இரும்பை யார் வேணும்னாலும் அடிக்கலாம். என்கிட்ட மெனக்கெட்டு வர்றதே இந்தப் பிடிக்காகத்தான். வர்றவங்க கையில மெழுகு உருண்டையைக் குடுத்து அமுக்கச் சொல்லுவேன். முதல்ல உலர்ந்த கையால. அப்புறம் ஈரக் கையால. அப்புறம் ஐஸ் தண்ணியில கையை விட்டு, விரல் மரத்துப் போனப்புறம் ஒரு தடவை.

— எதுக்கு ஐஸ் தண்ணி?

— மழையில நனைஞ்ச கை வேற கைம்மா. நாம வீட்ல கத்தியைப் பிடிக்கற மாதிரி அங்க பிடிக்க மாட்டோம். பயத்துல பிடிப்போம், குளிர்ல பிடிப்போம். மூணு அச்சையும் வெச்சுப் பார்த்து மூணுக்கும் பொருந்தற மாதிரி மரத்தைச் செதுக்குவேன். மெழுகுல பதிஞ்ச ஒண்ணையும் விட மாட்டேன். மோதிரம் போட்ட தடம் இருந்தா அதுவும் பிடியில இருக்கும். ஒருத்தருக்குப் பெருவிரல்ல தையல் போட்ட தழும்பு, அதுக்குக் கூட ஒரு வரி வெட்டினேன். அந்த ஆளுக்கு அந்தக் கத்தி தூக்கத்துல கூடக் கையை விட்டு நழுவாது.

— மத்தவங்க பிடிச்சா?

— மத்தவங்களுக்கு அது ஆகாது. கடையில வாங்கற பிடி எல்லாருக்கும் சுமாராப் பொருந்தும், ஊர்ப்பொதுக் கிணறு மாதிரி. கை அளவு எடுத்த பிடி ஒருத்தருக்குத்தான். வேற கை போனா மேடு இருக்கற இடத்துல விரல் வரும், பள்ளம் இருக்கற இடத்துல ஒண்ணும் இருக்காது. அது ஆளைத் தள்ளிவிடப் பார்க்கும்.

— அப்படின்னா என் பொண்ணு ஏன் தம்பி விட்டா?

— அம்மா...

— உங்களுக்கு எந்த அளவு தெரியும்னு எனக்குத் தெரியாது. நான் சொல்றேன். மேல மழை பெய்யுதுன்னு தெரிஞ்சதும் கூட்டத்தைத் திருப்பிட்டா. அதுக்குள்ள ஓடை ஏறிடுச்சு. இந்தக் கத்தியாலதான் கம்பு வெட்டி நட்டு, கயிறு கட்டி, ஒவ்வொருத்தரா அக்கரை சேர்த்தா. சின்னப் பிள்ளைங்க கூட இருந்துச்சாம், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை. கடைசியா இவ இறங்கினா. கம்பு பிடுங்கிக்கிச்சு. அடிச்சுக்கிட்டுப் போனவ கரையில ஒரு பெரிய வேரைப் பார்த்து கத்தியை ஓங்கிக் கொத்தினா. கொத்தி, அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. அக்கரையில நின்னவங்க எல்லாம் பார்த்திருக்காங்க. வேற கயிறு இல்ல. எதை எதையோ முடிச்சுப் போட்டு வீசியிருக்காங்க. அது போய்ச் சேர்றதுக்குள்ள அங்க யாரும் இல்ல.

— கேள்விப்பட்டேன்மா.

— விடிஞ்சு போய்ப் பார்த்தா கத்தி வேர்லயே நிக்குதாம். ஒரு ஆள் காலைக் குடுத்து ஆட்டி ஆட்டித்தான் எடுத்தானாம், அவ்வளவு இறுக்கம். உங்க இரும்பைக் குத்தம் சொல்ல மாட்டேன். கத்தி விடலை. கைதான் விட்டுச்சு.

— அந்தச் சேதி வந்த அன்னிக்கு நான் உலையை மூட்டலை. மறுநாளும் மூட்டலை. வந்த வேலையை எல்லாம் திருப்பி அனுப்பினேன்.

— அதோ, அந்த அலமாரியை ஏன் சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கீங்க?

— அதுவா? மெழுகு அச்சு. இதுவரைக்கும் அளவு குடுத்தவங்க எல்லாரோடதும் இருக்கு. பிடி உடைஞ்சா மறுபடி செஞ்சு தர்றதுக்காக வெச்சிருக்கேன்.

— எலி கடிக்கும்னு மூடினீங்களா?

— எலிக்குப் பயந்து மூடலைம்மா. ஒருநாள் கரண்ட் போச்சு. டார்ச்சை அடிச்சு எதையோ தேடினேன், வெளிச்சம் அலமாரி மேல விழுந்துச்சு. அத்தனை பேரும் எதையோ பிடிச்சுக்கிட்டுத் தொங்கற மாதிரி இருந்துச்சு. அன்னிக்குப் போட்ட சாக்கு. சிரிக்காதீங்க, இந்த வயசுல இதைச் சொல்றதுக்கு எனக்கே வெக்கமாத்தான் இருக்கு.

— நான் சிரிக்கலை. என் பொண்ணு குடுத்த அச்சும் அதுல இருக்கா?

— இந்தக் கத்தியோட அச்சு இருக்கு.

— அதையும் குடுங்க.

— அதை உருக்கச் சொல்லியிருக்காங்க சின்னவங்க.

— உருக்கிட்டீங்களா?

— இல்ல. அதுக்கும் கை வரலை.

— அவ அளவு குடுக்க வந்த அன்னிக்கு எப்படி இருந்தா? சிரிச்சாளா? அவ உங்ககிட்ட என்ன பேசினான்னு ஒரு வார்த்தை கூட எனக்குத் தெரியாது. சாதாரணமாப் பேசினதையே சொல்லுங்க.

— சிரிக்காம இருந்தாத்தான் அதிசயம். உள்ள நுழைஞ்சதுமே, 'ஏன் அண்ணா, இந்தப் பட்டறையில ஒரு ஜன்னல் வெச்சாக் கத்தி கோவிச்சுக்குமா'ன்னு கேட்டாங்க. பின்னாலயே சின்னவங்க, ஒண்ணும் பேசாம ஒவ்வொரு கத்தியாப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி வந்தது. சீசன் ஆரம்பிக்கப் போகுது, சீக்கிரம் வேணும், தள்ளிப் போடாதீங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க.

— மழைக்காலத்துக்கு முன்னாடியா?

— ஆமா, வெயில் தாழ்ந்த நேரம். அங்கதான் நின்னாங்க, நீங்க உக்கார்ந்திருக்கற இடத்துல.

— அப்போ அவ வலது கை மாவுக்கட்டுல இருந்துச்சே தம்பி.

— இருங்கம்மா, டீ சொல்லிட்டு வந்துடறேன்.

— பாறையில விழுந்து மணிக்கட்டு எலும்புல விரிசல். கழுத்துல துணியைக் கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரிஞ்சா. நான்தான் தலை வாரி விட்டேன். அந்தக் கையால ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியலை. உங்க மெழுகை எப்படி அமுக்கினா? அதுவும் ஈரக் கையால, ஐஸ் தண்ணியில விட்டு?

— அம்மா, இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. வாக்கு குடுத்திருக்கேன்.

— யாருக்குக் குடுத்தீங்க?

— வேலை குடுத்தவங்களுக்கு.

— அவரை ஏன்மா துளைக்கறே? என்னைக் கேளு.

— வந்துட்டியா? மத்தியானம் ஆகலையே இன்னும்.

— வீட்டுக்குப் போனேன். நீ இல்ல. உறையும் இல்ல. வேற எங்க போயிருப்பே?

— வாங்க, நீங்களும் உக்காருங்க. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க வாசல்ல நின்னு கேட்டிருப்பீங்க.

— கேட்டேன் அண்ணா. கத்தியைக் குடுங்க. நான் வேற பட்டறை பார்த்துக்கறேன்.

— கத்தி அங்கேயே இருக்கட்டும். நீ இப்படி வந்து உக்காரு சின்னவளே.

— உக்காரலை. நிக்கறேன்.

— கையை ஏன் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறே?

— அதைத்தான் சொல்ல வந்தேன். நான்தான்மா அமுக்கினேன். அக்காவுக்குக் கட்டுப் பிரிக்கற வரைக்கும் பொறுமை இல்ல. சீசன் போயிடும்னா. 'உன் கையும் என் கையும் ஒண்ணுதானே, ஒரே கையுறையைத்தானே மாத்தி மாத்திப் போடறோம், நீ அமுக்குடி'ன்னா. நான் அமுக்கினேன். ஐஸ் தண்ணியில கையை விட்டதும் கத்தினேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

— நான் வேண்டாம்னுதான் சொன்னேன்மா. ஒரு கைக்கு எடுத்தது இன்னொரு கைக்கு ஆகாது, கையுறை வேற பிடி வேறன்னு சொன்னேன். 'நீங்க செய்யறது கத்திதானே அண்ணா, கல்யாண மோதிரமா'ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன். அந்தச் சிரிப்புலயே சரின்னுட்டேன். இத்தனை வருஷத் தொழில்ல அந்த ஒரு தடவைதான்.

— அவளுக்கு அது சரியா இருந்துச்சா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?

— முதல் தடவை காட்டுக்குப் போய் வந்ததுமே சொன்னா. 'சுண்டு விரலுக்கு இடமே இல்லடி, வெளியில தொங்குது'ன்னா. திருப்பிக் குடுத்து மாத்தலாம்னேன். சீசன் முடியட்டும், சமாளிச்சுக்கறேன்னா. நானும் விட்டுட்டேன்.

— தம்பி, நீங்க சொல்லுங்க. அவ கையிலேயே அளவு எடுத்திருந்தா பிடிச்சிருப்பாளா?

— தெரியலைம்மா. அந்தத் தண்ணி இழுப்புக்கு எப்பேர்ப்பட்ட கையும் ஓய்ஞ்சு போகும். எந்தப் பிடியா இருந்தாலும் ஒரு அளவுதான். ஆனா, தெரியலை. உங்க ஆறுதலுக்காக இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம், அது பொய்யாப் போகும். தெரிஞ்சிருந்தா நான் ஏன் அலமாரிக்குச் சாக்கு போடறேன்?

— அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

— உனக்கு என்ன தெரியும்?

— நான் அதைப் பிடிச்சா விரல் அப்படியே போய் உக்காருதும்மா. அஞ்சு விரலும். எவ்வளவு இழுத்தாலும் கையை விட்டு வர மாட்டேங்குது. ஜன்னல் கம்பியில மாட்டி முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். கைதான் செவந்துச்சு, பிடி நழுவலை. நான் அந்தத் தண்ணியில இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன். ஆனா இருந்தது அக்கா. என் பிடியைப் பிடிச்சுக்கிட்டு அக்கா இருந்தா.

— எப்போ பிடிச்சுப் பார்த்தே? அது எந்நேரமும் என்கிட்டதானே இருக்கு.

— ராத்திரியில. நீ தூங்கினப்புறம் வருவேன். நீ அதை நெஞ்சோட வெச்சுக்கிட்டுப் படுத்திருப்பே. உன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு அதை எடுத்துப் பிடிச்சுப் பார்ப்பேன். நேத்து நழுவலை, இன்னிக்காவது நழுவுதான்னு பார்ப்பேன். அப்புறம் மறுபடி உன் கையிலேயே வெச்சுட்டுப் போயிடுவேன்.

— தினமுமா?

— தினமும்தான். என்னால இனிமே முடியலைம்மா. அக்கா கைன்னு நினைச்சு நீ அதைக் கன்னத்துல வெச்சுக்கறே, அதுகிட்ட ஏதோ முணுமுணுன்னு பேசறே. அது அக்கா கை இல்ல. அவளைக் கொன்ன கை. அதைப் பிடிச்சுக்கிட்டு நீ தூங்கறதை நான் எத்தனை நாள் கதவோரம் நின்னு பார்க்கறது? அதான் தேய்ச்சுடச் சொன்னேன். ஒண்ணும் இல்லாம மழமழன்னு ஆயிடட்டும். உனக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.

— தம்பி, அந்தக் கத்தியை இப்படிக் குடுங்க. உறையோட. பயப்படாதீங்க, கொண்டு போக மாட்டேன், இங்கேயேதான் இருப்பேன்.

— இந்தாங்கம்மா.

— நடுவிரல் வர்ற பள்ளத்துல, உள்ளோரமா மிளகு அளவுக்கு ஒரு குழி இருக்கு. இது என்ன குழி?

— காய்ப்பும்மா. அவங்க விரல்ல இருந்துச்சு, மெழுகுல பதிஞ்சிருந்துச்சு. அப்படியே செதுக்கிட்டேன்.

— பெரியவ ஜென்மத்துல பென்சிலைத் தொட்டவ இல்ல. பள்ளிக்கூடத்துக்கே அவளை அடிச்சு இழுத்துக்கிட்டுப் போகணும். ராவும் பகலும் படம் வரைஞ்சு வரைஞ்சு நடுவிரலைக் காய்ப்புக் காய்க்க வெச்சவ நீ. எண்ணெய் தடவுடின்னு நான் கத்திக்கிட்டே இருப்பேன், ஞாபகம் இருக்கா? இதை என் கையில குடுத்த அன்னிக்கு ராத்திரியே என் விரல் இந்தக் குழியில போய் விழுந்துச்சு. அன்னிக்கே தெரியும்.

— தெரியுமா? யார் கைன்னு தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். எப்படி நடந்துச்சுன்னுதான் தெரியலை. அதை இவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— என்கிட்ட ஏன்மா கேக்கலை?

— நீ எங்க இருந்தே, கேக்கறதுக்கு? பெரியவ கையை ஆஸ்பத்திரியில பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கலை. போயிட்டு வாடின்னு சொல்லி அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். வெளிய வந்து உன் கையைத் தேடினேன். நீ பின்னால கட்டிக்கிட்டே. அன்னிக்குக் கட்டின கையை இன்னிக்கு வரைக்கும் பிரிக்கலை. தட்டை நீட்டினா மேசையில வைன்னு சொல்றே. காய்ச்சல்னு நெத்தியைத் தொட வந்தா தள்ளிப் படுத்துக்கறே.

— அந்தக் கையால எப்படிம்மா உன்னைத் தொடறது?

— அதை நான்தானே சொல்லணும்? நீயே முடிவு பண்ணிக்கிட்டா?

— தெரிஞ்சும் எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தே? தூக்கிக் கிணத்துல போட்டிருக்கலாமே. நிம்மதியாத் தூங்கியிருக்கலாமே.

— அதைப் பிடிச்சுக்கிட்டு நான் ஒரு நாளும் தூங்கினதில்லடி. கண்ணை மூடிக்கிட்டு உன் காலடிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டுக் கிடப்பேன். நீ வந்து என் விரலை ஒவ்வொண்ணாப் பிரிப்பியே, நாள் பூரா நீ என்னைத் தொடறது அந்த ஒரு தடவைதான்.